விரல் போனது, ஹெவி மெட்டல் வந்தது! பிளாக் சபாத் பற்றி இதெல்லாம் தெரியுமா?

1969 அக்டோபரில் ஒரு நாள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துப் பையன்கள் நான்கு பேர் லண்டனில் ஒரு ஸ்டூடியோவுக்குள் நுழைகிறார்கள். நால்வரில் யாருக்கும் 22 வயதுகூட ஆகவில்லை. மொத்த பட்ஜெட் 600 பவுண்டு! மேடையில் எப்படி வாசிப்பார்களோ அப்படியே நின்று வாசிக்கிறார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியும்விடுகிறார்கள். அந்த ஒரு நாள் கூத்துதான் ‘பிளாக் சபாத்’ என்ற குழுவின், அதே பெயரிலான முதல் ஆல்பம்! உலகத்தின் முதல் ஹெவி மெட்டல் ஆல்பம் எது என்று கேட்டால் இன்றைக்குப் பெரும்பாலோர் கைகாட்டுவது இதைத்தான்!

அது வெளியான தேதி தெரியுமா? 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை! பதின்மூன்றாம் தேதியும் வெள்ளியும் சேர்ந்து வந்தால் வெள்ளைக்காரர்களுக்கு அது ராகு காலமும் எமகண்டமும் ஒரே நேரத்தில் வந்த மாதிரி. அந்த நாளில் வந்த ஆல்பம் பிரிட்டனில் எட்டாவது இடத்தைப் பிடித்தது. அமெரிக்கப் பட்டியலில் ஒரு வருடத்துக்கும் மேலாக ஒட்டிக்கொண்டிருந்தது. விமர்சகர்கள்? காறித் துப்பாத குறை! ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் கிழித்துத் தோரணம் கட்டினார். வாங்கியவர்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை!

ஆல்பத்தைப் போட்டதும் முதலில் கேட்பது மழை. அப்புறம் இடி. தூரத்தில் ஒரு கோயில் மணி. அதைத் தொடர்ந்து கிட்டார் இறங்கும்போது முதுகுத்தண்டு சில்லிட்டுப் போகும். இத்தனைக்கும் அந்த மழையையும் மணியையும் பற்றி வாசித்த நால்வருக்கும் எதுவுமே தெரியாது! ரெக்கார்டிங் முடித்து அவர்கள் போன பிறகு, தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன் தரப்பில் சேர்த்த ஒலிகள் அவை. இசைத்தட்டு கைக்கு வந்து ஊசி வைத்த பிறகுதான் தங்கள் பாட்டில் மழை பெய்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிந்தது!

அந்தக் கிட்டார் ஏன் அப்படிப் பயமுறுத்துகிறது? வெறும் மூன்று ஸ்வரம்தான் சார்! கீழே ஒரு ஸ்வரம், அதுவே மேல் ஸ்தாயியில் ஒருமுறை, அப்புறம் இரண்டுக்கும் நட்டநடுவில் ஒன்று. நம்ம கணக்கில் சொன்னால் கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிரதி மத்யமம். ஐரோப்பாவின் பழைய இசை இலக்கணக்காரர்கள் இந்த ஸட்ஜம்–பிரதி மத்யம இடைவெளிக்கு ‘இசைக்குள் இருக்கும் சாத்தான்’ என்றே பட்டம் கொடுத்திருந்தார்கள். நமக்கோ 72 மேளகர்த்தாவில் சரிபாதி, 36 ராகங்கள், பிரதி மத்யமத்தில்தான் நிற்கின்றன. கல்யாணியில் அது மங்களம்! பேஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லர், ஹோல்ஸ்ட் என்ற இங்கிலாந்து இசையமைப்பாளர் செவ்வாய் கிரகத்துக்காக எழுதிய படைப்பில் மயங்கிக் கிடந்தார். அதை அவர் பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், கிட்டார்காரர் டோனி அயோமியிடமிருந்து இந்த மூன்று ஸ்வரம் வந்து விழுந்தது. சாத்தான், கீத்தான் எல்லாம் யார் நினைத்தார்கள்!

சரி, இனி அந்த விரல் கதை. இதற்காகத்தான் இத்தனை பீடிகை!

டோனி அயோமிக்கு அப்போது வயது 17. பர்மிங்ஹாமில் ஒரு தகரப் பட்டறையில் வெல்டிங் வேலை. ஒரு குழு ஜெர்மனிக்கு வாசிக்கக் கூப்பிட்டதால் வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், “இனி எதற்குப் போக வேண்டும்?” என்று இழுக்க, அம்மா விடவில்லை. எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று துரத்திவிட்டார். போனால், தகடு அழுத்தும் மெஷினில் வழக்கமாக நிற்கும் ஆள் அன்றைக்கு லீவு. அந்த இடத்தில் இவரை நிறுத்தினார்கள். பழக்கமில்லாத மெஷின். அழுத்துப்பலகை வலது கையின் மேல் இறங்கியது. பதறிப்போய் கையை வெடுக்கென்று இழுத்தார். நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் மெஷினிலேயே தங்கிவிட்டன.

வலது கைதானே, இடது கைதானே கிட்டாரில் நரம்பை அழுத்தும் என்கிறீர்களா? அங்கேதான் விதி விளையாடியது! டோனி இடதுகைக்காரர். அவருக்கு நரம்பை அழுத்தும் கையே வலதுதான்! டாக்டர்கள் கிட்டாரை மறந்துவிடச் சொன்னார்கள். இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க வந்தார் பட்டறை மேலாளர். கையில் ஓர் இசைத்தட்டு. “போட்டுக் கேள்” என்றார். டோனிக்கு எரிச்சல். கேட்டதும் பிடித்துப்போனது. வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட், ஜாஸ் உலகத்தின் கிட்டார் மேதை. 1928-ல் ஒரு தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போக, மீதி விரல்களை வைத்துக்கொண்டே அப்படி வாசித்த மனிதர்! அந்த மேலாளர் மட்டும் வெறும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தால் ஹெவி மெட்டல் என்ன ஆகியிருக்குமோ!

அப்புறம் நடந்ததுதான் அசல் பட்டறை வேலை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை டோனி உருக்கினார். உருண்டையாக்கி, சூடான சால்டரிங் கம்பியால் விரல் நுழையும் அளவுக்குத் துளையிட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மாட்டிப் பார்த்தால் நரம்பில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி மேலே ஒட்டினார். பிடி கிடைத்துவிட்டது! கடையில் வாங்காத, கையால் செய்த இரண்டு போலி விரல் நுனிகள்! அன்றிலிருந்து இன்றுவரை அவர் வாசிப்பது இந்த மாதிரி உறைகளை மாட்டிக்கொண்டுதான்.

அதோடு முடியவில்லை. அந்தக் காலத்துக் கிட்டார் நரம்புகள் தடிமனானவை. உறை மாட்டிய விரலால் இழுத்து வளைக்க முடியாது. மெல்லிய நரம்பு வேண்டும் என்று கேட்டால், அதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று கம்பெனிகள் கைவிரித்தன. பேன்ஜோ வாத்தியத்தின் மெல்லிய நரம்பைக் கிட்டாரில் மாட்டினார்! இன்று எந்த ஊரில் எந்தக் கிட்டார் கடைக்குப் போனாலும் மெல்லிய நரம்பு தொங்குகிறது. 1971-ல் மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ வந்தபோது இன்னும் ஒரு படி போனார். பல பாடல்களுக்குக் கிட்டாரின் சுருதியையே மூன்று ஸ்வரஸ்தானம் கீழே இறக்கினார். நரம்பு தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது. கீஸரும் பேஸ் கிட்டாரை அதே அளவுக்கு இறக்க, ஒலி கனத்துப்போய்ச் சேறு மாதிரி வழிய ஆரம்பித்தது. பிற்பாடு வந்த எத்தனையோ மெட்டல் குழுக்கள் சுருதி இறக்கியது இந்தத் தாக்கத்தில்தான். அவர்களின் ஆல்பங்களில் ஒன்றே ஒன்றுதான் கேட்க நேரம் உண்டு என்றால், என் ஓட்டு இதற்குத்தான். அதன் ஆரம்பத்தில் யாரோ இருமுவது கேட்கும், அது டோனியேதான்!

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் பாட வருவதற்கு முன் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? கசாப்புக் கொட்டிலில் வேலை! அதுவும் பரவாயில்லை, கார் தொழிற்சாலைக்குப் போகும் ஹாரன்களுக்குச் சுருதி சரிபார்க்கும் வேலை! நாள் முழுக்கப் பாம் பாம்! திருட்டு வழக்கில் அபராதம் கட்டக் காசில்லாமல் வின்சன் கிரீன் சிறையில் ஆறு வாரம் இருந்தவர் அவர். வெளியே வந்து இசைக்கருவிக் கடையில் ஒரு விளம்பரம் ஒட்டினார்: பாட ஆள் தயார், சொந்தமாக மைக் செட் உண்டு என்று. அதைப் பார்த்து டோனியும் டிரம்ஸ்காரர் பில் வார்டும் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கதவு திறந்ததும் டோனிக்குத் திக்கென்றது. பள்ளிக்கூடத்தில் தனக்கு ஒரு வகுப்பு கீழே படித்த, தான் அடித்து விரட்டிய அதே பையன்! வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார். விதி அவர்களை விடவில்லை. கீஸர் பட்லரோ கணக்குப்பிள்ளை வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர். பாட்டு வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் அவர்தான்!

1968-ல் சேர்ந்தபோது அவர்கள் ஆறு பேர். பெயர் ‘போல்கா டல்க் ப்ளூஸ் பேண்ட்’! ஓஸியின் அம்மா வைத்திருந்த டால்கம் பவுடர் டப்பாவில் பார்த்த பெயர் என்று ஒரு கதை, ஒரு துணிக்கடைப் பலகையில் பார்த்தது என்று இன்னொரு கதை. இரண்டு பேரைக் கழற்றிவிட வேண்டும், முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை. என்ன செய்தார்கள்? குழுவையே கலைத்துவிட்டதாக அறிவித்துவிட்டு, மீதி நாலு பேரும் சத்தமில்லாமல் மறுபடி சேர்ந்துகொண்டார்கள்! ‘எர்த்’ என்று பெயர் வைத்தால், அதே பெயரில் இன்னொரு குழு இருந்தது. ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரே ஒரு சினிமா தியேட்டர். அங்கே ஓடியது போரிஸ் கார்லாஃப் நடித்த 1963-ம் வருடத்துப் பேய்ப் படம் ‘பிளாக் சபாத்’. பயப்படுவதற்கு ஜனங்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டார்கள். பெயர் கிடைத்துவிட்டது!

ஆக, சாத்தான் வழிபாட்டுக்காரர்கள் என்று இவர்களுக்குக் கிடைத்த பட்டம் எங்கிருந்து வந்தது? முக்கால்வாசி அடுத்தவர்கள் கட்டியது! முதல் ஆல்பத்தின் உள்ளட்டையில் தலைகீழ்ச் சிலுவை ஒன்று இருக்கும். அதை அச்சடித்தது கம்பெனி. குழுவைக் கேட்கவே இல்லை. ‘என்.ஐ.பி.’ என்ற பாட்டின் தலைப்புக்கு ரசிகர்கள் ஏதேதோ மாந்திரீக விரிவாக்கமெல்லாம் கண்டுபிடித்தார்கள். உண்மை என்ன தெரியுமா? பில் வார்டின் தாடி பேனா நிப் மாதிரி இருந்தது! அவ்வளவேதான்!

கீஸர் மட்டும் கொஞ்சம் விளையாடிப் பார்த்தார். அறைக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, மாந்திரீகப் புத்தகங்களைச் சேர்த்துவைத்தார். ஒரு ராத்திரி விழித்தால் கட்டில் காலடியில் கறுப்பாக ஓர் உருவம் நின்றதாம்! அன்றோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டார். அந்தப் பயம்தான் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டானது. குழுவின் புகழ் ஏறஏற நிஜ மந்திரவாதிக் கூட்டங்கள் தேடி வர ஆரம்பித்ததும் நால்வருக்கும் உதறல். ஓஸியின் அப்பா ஒரு தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் தொழிலாளி, இரவு ஷிப்ட்காரர். அவர் நாலு பேருக்கும் அலுமினியத்தில் சிலுவை செய்து கொடுத்தார். உலகம் பேய்ச் சின்னமென்று பார்த்து மிரண்டது ஒரு தகப்பன் பிள்ளைகளின் பாதுகாப்புக்குச் செய்து போட்ட தாயத்தை!

இன்னொன்று கேளுங்கள். ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நீட்டி, ‘கொம்பு’ காட்டுகிறார்களே மெட்டல் ரசிகர்கள்? அதைப் பரப்பியவர் 1979-ல் ஓஸியை நீக்கிய பிறகு பாட வந்த ரானி ஜேம்ஸ் டியோ. அவருக்கு அது வந்தது இத்தாலியப் பாட்டியிடமிருந்து. பாட்டி எதற்குக் காட்டுவார்? கண் திருஷ்டி படாமலிருக்க! உலகம் முழுக்க லட்சம் லட்சமாகப் பையன்கள் திருஷ்டி கழித்துக்கொண்டிருக்கிறார்கள், தெரியாமலே!

இரண்டாவது ஆல்பம் ‘பாரனாய்ட்’, 1970 செப்டம்பர். ஆல்பம் முடிந்துவிட்டது, நேரம் கொஞ்சம் குறைகிறது, ஒரு மூன்று நிமிஷப் பாட்டு போட்டு நிரப்புங்கள் என்றார்கள். மற்றவர்கள் வெளியே போயிருந்தபோது டோனி கிட்டாரை எடுத்தார். அரை மணி நேரத்துக்குள் பாட்டு தயார்! அந்த இட்டுநிரப்பல்தான் பிரிட்டனில் நாலாவது இடத்துக்குப் போன ‘பாரனாய்ட்’! ஆல்பத்துக்கு முதலில் வைக்கவிருந்த பெயர் ‘வார் பிக்ஸ்’. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். சாதாரண ஜனங்களைச் சாகக் கொடுத்துவிட்டுத் தாங்கள் சொகுசாக இருக்கும் போர்வெறியர்களைச் சாடும் பாட்டு அது. கம்பெனி பயந்து பெயரை மாற்றியது, அட்டைப்படத்தை மாற்ற நேரமில்லை. அதனால்தான் ‘பாரனாய்ட்’ அட்டையில் சம்பந்தமே இல்லாமல் ஒருவர் வாளும் கேடயமுமாகப் பாய்ந்து வருகிறார்! ஆல்பம் பிரிட்டனில் முதலிடம். அடுத்து எப்போது முதலிடம் பிடித்தார்கள் தெரியுமா? 2013-ல், ‘13’ என்ற ஆல்பத்துக்கு! நடுவில் ஏறக்குறைய 43 வருடம்! அமெரிக்காவில் அவர்கள் முதலிடம் பிடித்ததே அப்போதுதான். ‘13’ முடியும் இடத்தில் மழையும் இடியும் மணியும் கேட்கும். இந்த முறை அவர்களுக்குத் தெரிந்தேதான் பெய்தது!

காசு வந்ததும் கூத்தும் வந்தது. 1972-ல் நாலாவது ஆல்பத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸில் மாளிகை எடுத்துத் தங்கினார்கள். ரெக்கார்டிங்குக்கு ஆன செலவைவிடக் கொக்கெய்னுக்கு ஆன செலவு அதிகம் என்று கீஸரே சொல்லியிருக்கிறார். மாளிகையில் கிடைத்த தங்க வண்ணப் பூச்சை எடுத்து மயங்கிக் கிடந்த பில் வார்டுக்கு உடம்பு முழுக்க அடித்துவிட்டார்கள் நண்பர்கள். அவருக்கு வலிப்பு வந்து ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியதாகிவிட்டது! சிரிக்கத் தோன்றினாலும் சிரிக்கிற சங்கதி இல்லை. பிற்பாடு ஓஸி வெளியேற்றப்பட்டதும் குடியாலும் போதையாலும்தான்.

1976-ல் மயாமியில் ஒரு ஸ்டூடியோ. இவர்கள் ஒரு அறையில். சுவருக்கு அந்தப் பக்கம் ‘ஈகிள்ஸ்’ குழு ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ ஆல்பத்துக்கு ரெக்கார்டிங். இவர்கள் போடும் சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு போக, பாவம், அவர்கள் அடிக்கடி வேலையை நிறுத்த வேண்டியிருந்தது! என்ன கொடுமை என்றால், இந்தப் பக்கம் உருவான ‘டெக்னிக்கல் எக்ஸ்டஸி’ சுமார் ரகம். அந்தப் பக்கம் உருவானது சரித்திரம்.

1983 இன்னும் ஜோர். ‘டீப் பர்ப்பிள்’ புகழ் இயன் கில்லன் பாட வந்திருந்தார். மேடையில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற புராதனக் கல்வட்டத்தின் கற்களை நிறுத்தலாம் என்று கீஸர் யோசனை சொன்னார். அளவை அடியில் நினைத்தார்கள். செய்தவர்களோ மீட்டரில் செய்துவிட்டார்கள்! மும்மடங்குக்கு மேல் பெரிதாகி, கற்கள் மேடைகளுக்குள்ளேயே அடங்கவில்லை. சிலதை மட்டும்தான் நிறுத்த முடிந்தது. அடுத்த வருடமே ‘ஸ்பைனல் டாப்’ என்ற நகைச்சுவைப் படத்தில் நேர்மாறாக, முழங்கால் உயரத்துக்குக் குட்டி ஸ்டோன்ஹெஞ்ச் மேடையில் இறங்க, உலகமே சிரித்தது!

பாடகர்கள் வந்தார்கள், போனார்கள். டியோ, கில்லன், கிளென் ஹ்யூஸ், டோனி மார்ட்டின்... மொத்தம் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் குழுவில் வாசித்துப் போயிருக்கிறார்கள். 1970 முதல் 2013 வரை வந்த 19 ஸ்டூடியோ ஆல்பங்களிலும் இருந்த ஒரே ஆள் டோனி அயோமி. இரண்டு விரல் நுனி இல்லாதவர்!

2012-ல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டே ‘13’-ஐ முடித்தார். 2017 பிப்ரவரி 4-ல் பர்மிங்ஹாமில் விடைபெற்றார்கள். பெற்றார்களா? 2019-ல் அந்த ஊரின் பிராட் ஸ்ட்ரீட்டில் ஒரு கால்வாய்ப் பாலத்துக்கே பிளாக் சபாத் பாலம் என்று பெயர் வைத்து, நால்வர் முகத்தோடு பெஞ்சும் போட்டார்கள். 2023-ல் பர்மிங்ஹாம் ராயல் பாலே அவர்கள் இசைக்குப் பாலே ஆடியது! நுனிக்கால் நடனமும் ‘வார் பிக்ஸ்’ இசையும்! கடைசியாக 2025 ஜூலை 5, வில்லா பார்க் கால்பந்து மைதானம். ஓஸி வளர்ந்த ஆஸ்டன் பகுதி. சின்ன வயதில் மேட்ச் நாளில் வரும் கார்களுக்குக் காவல் இருந்து அவர் சில்லறை சம்பாதித்த இடம். பார்கின்சன் நோயால் நிற்க முடியாமல் கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். இருபது வருடத்துக்குப் பிறகு அசல் நால்வரும் ஒரே மேடையில். 17 நாள் கழித்து, ஜூலை 22-ல், 76 வயதில் அவர் காலமானார். பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ராணுவ பேண்ட் வாத்தியக் குழு அஞ்சலியாக என்ன வாசித்தது தெரியுமா? அதே ‘பாரனாய்ட்’!

இன்னும் ஒன்றே ஒன்று. 1982-ல் தனிக்கச்சேரி ஒன்றில் யாரோ எறிந்த வவ்வாலை ரப்பர் பொம்மை என்று நினைத்து ஓஸி கடித்துவைத்து, வெறிநாய்க்கடி ஊசியெல்லாம் போட்டுக்கொண்டது ஊரறிந்த கதை. 2014-ல் பிரேசில் நாட்டு அமேசான் காட்டுக் குட்டி மரத்தவளை ஒன்றைப் புது இனம் என்று அறிவித்தார்கள் விஞ்ஞானிகள். அது கத்துவது வவ்வால் கீச்சிடுவது போலவே இருந்தது. வேறு யார் பெயரை வைப்பார்கள்? அதன் அறிவியல் பெயர் டெண்ட்ரோப்ஸோஃபஸ் ஓஸியை!